பழைய லேண்ட் ரோவரின் கெட்டிக்கூரை: தனி ஆளாகக் கழற்றி மாட்ட எந்த வழி பொருந்தும்?

பழைய ஜீப் வகை வண்டி வைத்திருப்பவர்கள் கூரையைக் கழற்றிய கதையை ஆசையாகச் சொல்வார்கள். திரும்ப மாட்டிய கதையை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். என்னுடையது லேண்ட் ரோவர் சீரிஸ் 3, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலம். முதல் தடவை கூரையை இறக்கியபோது நான்கு பேர் இருந்தோம். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கி, பின்பக்கமாக நடந்து, புல்தரையில் கிடந்த பழைய டயர்களின் மேல் வைத்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து, வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு மாலையில் அதைத் திரும்ப ஏற்ற இரண்டே பேர். கூரை உட்கார்ந்துவிட்டது, ஆனால் ஒரு துளைகூட நேராக நிற்கவில்லை. முன்பக்கத்தைச் சரிசெய்தால் பின்பக்கம் அரை விரல் அளவு விலகியது. திருப்புளியைத் துளைக்குள் விட்டு நெம்பினோம். அலுமினியத் தகட்டின் துளை இழுபட்டு முட்டை வடிவமானது. அந்த மூலையில் இன்றும் ஒரு பெரிய வாஷர் இருக்கிறது.

அன்றிலிருந்து எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மழை வரும் நேரத்தில் இதைத் தனி ஆளாகத் திரும்ப மாட்ட முடியுமா? இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், பலரும் முதலில் பணம் போடும் வழிகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. யாரும் கவனிக்காத சில சின்ன வேலைகள் முன்னுக்கு வருகின்றன.

எந்த வண்டி என்பதும் முக்கியம். 1948இல் அறிமுகமான லேண்ட் ரோவரின் உடல் தகடுகள் அலுமினியக் கலவையால் ஆனவை. போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு கட்டுப்பாட்டில் இருந்ததே அதற்குக் காரணம். கெட்டிக்கூரையும் அதே அலுமினியத் தகடுதான். மேல் தகடு தனி, இரண்டு பக்கங்களும் தனி, எல்லாம் போல்ட்டால் இணைந்தவை. 1960 முதல் 1984 வரை வந்த டொயோட்டா எஃப்.ஜே.40இல் மேல்மூடி ஃபைபர், பக்கங்கள் எஃகு. 1966 முதல் 1977 வரையிலான முதல் தலைமுறை ஃபோர்டு பிராங்கோவில் முழுக்கூரையும் எஃகு. 1976இல் வந்த ஜீப் சி.ஜே.7க்கு வார்ப்பு பிளாஸ்டிக் கூரை கிடைத்தது. நான் சொல்லப்போவது லேண்ட் ரோவரை மனத்தில் வைத்துத்தான். ஆனால் இணைப்பு, ரப்பர், தூக்கும் முறை பற்றிய பெரும்பாலான விஷயங்கள் மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும்.

எடையா, இணைப்பா?

கூரை கனமாக இருப்பதுதான் சிக்கல் என்று நினைத்து நேராகத் தூக்கும் இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் அதிகம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று சதுர மீட்டர் பரப்புள்ள மேல் தகட்டை 1 மில்லிமீட்டர் எஃகில் செய்தால் சுமார் 24 கிலோ. அதே பரப்பை 1.2 மில்லிமீட்டர் அலுமினியத்தில் செய்தால் 10 கிலோவுக்குள் அடங்கும். 3 மில்லிமீட்டர் ஃபைபரில் ஏறக்குறைய 15 கிலோ. வெறும் தகடு இவ்வளவுதான். மீதிக் கனம் பக்கச் சட்டங்களிலும் கண்ணாடியிலும் இருந்து வருகிறது. 4 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ. பக்கங்களில் நகரும் ஜன்னல்கள், பின்னால் மேல்நோக்கித் திறக்கும் அரைக்கதவு, உள்ளே ஒட்டிய விரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேரும்போதுதான் கை வலிக்கிறது.

ஆகவே ஊகத்தில் இறங்காமல் எடைபோட்டுப் பாருங்கள். பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு போதும். போல்ட்டுகளைக் கழற்றிய பின் முன்விளிம்பை நடுவில் பிடித்து ஒரு தடவை, பின்விளிம்பை நடுவில் பிடித்து ஒரு தடவை என்று ஒரு விரல் உயரம் தூக்கி, இரண்டு அளவுகளையும் கூட்டினால் மொத்த எடை ஏறக்குறையத் தெரிந்துவிடும். பின்பக்கம் முன்பக்கத்தைவிட எவ்வளவு கனம் என்பதும் அதிலேயே புரியும். தூக்கும் ஏற்பாட்டை அமைக்கும்போது இந்த வித்தியாசம்தான் கூரை சாய்ந்து தொங்காமல் காப்பாற்றும்.

உண்மையில் நேரத்தைத் தின்பது இணைப்பு. பக்கங்களின் அடிவிளிம்பு வண்டி உடலின் மேல்விளிம்பில் உட்காருகிறது. போல்ட் மேலே, நட் கீழே. ஒரு கை மேலே ஸ்பேனரைப் பிடிக்க, இன்னொரு கை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நட்டைத் தேட வேண்டும். பல வருடம் நனைந்த எஃகுப் போல்ட் அலுமினியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கும். போதாததற்கு, முன்னால் வண்டி வைத்திருந்தவர் ஒழுகலை நிறுத்த விளிம்பு முழுவதும் சிலிகான் பசையைப் பூசியிருப்பார். அந்தப் பசையை நெம்பி எடுக்கக் கூடாது, தகடு மடங்கிவிடும். மெல்லிய எஃகுக் கம்பியின் இரு முனைகளிலும் கட்டையைக் கட்டி, ரம்பம்போல இழுத்து அறுத்தால் பிரிந்து வரும்.

போல்ட்டை வைத்துக்கொண்டே எளிதாக்குவது

மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். கீழே இருக்கும் நட்டை அசையாதபடி நிலையாகப் பொருத்திவிட்டால், மேலிருந்து ஒரே கையால் திருகலாம். இதற்கு மூன்று விதம் உண்டு. முதலாவது, துளைக்குள் விட்டுப் பிதுக்கும் ரிவெட் நட். பொருத்துவது சுலபம், ஆனால் மெல்லிய தகட்டில் ஒரு தடவை போல்ட் இறுகிப் பிடித்துக்கொண்டால் நட்டும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். பிறகு அதை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது, நட்டை வெல்டிங் செய்வது. எஃகு உடலுக்குச் சரி. ஆனால் லேண்ட் ரோவரின் மேல்விளிம்புப் பட்டை துத்தநாகம் பூசிய எஃகு. பற்றவைத்த இடத்தில் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். எரியும் துத்தநாகப் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

மூன்றாவது, விமானங்களில் பயன்படும் நட் தகடு. இரண்டு சிறு ரிவெட்டுகளால் தகட்டோடு பிணைக்கப்படுவதால் அது சுற்றவே சுற்றாது. இதிலேயே நட் உள்ளுக்குள் சற்று மிதக்கும் வகையும் இருக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகலை அதுவே விழுங்கிவிடும். என் முதல் மாலையில் இது இருந்திருந்தால் அந்தத் துளை இழுபட்டிருக்காது. பக்கங்களின் எல்லா இணைப்புகளுக்கும் நான் இதைத்தான் போட்டேன். துளையிட்டு, ரிவெட் அடித்து, பூச்சு பூச ஒரு முழு விடுமுறை நாள் ஆனது.

துருப்பிடிக்காத எஃகுப் போல்ட் போடுங்கள். ஆனால் அதை அப்படியே அலுமினியத்தில் தொடவிட வேண்டாம். உப்பு ஈரம் பட்டால் இந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையும். நைலான் வாஷரும் மரையில் கொஞ்சம் அரிப்புத் தடுப்புப் பசையும் போதும். போல்ட், நட் இரண்டுமே துருப்பிடிக்காத எஃகு என்றால் அந்தப் பசை கட்டாயம். உலர்ந்த நிலையில் வேகமாக முடுக்கினால் மரைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பூட்டிவிடும். பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது.

கைத்திருகியா, கொளுவியா?

ஸ்பேனரே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, போல்ட்டின் தலைக்குப் பதில் நட்சத்திர வடிவப் பிடி. கையாலேயே திருகலாம். இன்னொன்று, பெட்டிகளில் இருப்பது போன்ற நெம்புகோல் கொளுவி. ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் நெம்பு, சட்டென்று மடக்கினால் இறுகிவிடும்.

கொளுவியைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் எழும் பயம், வேகமாகப் போகும்போது காற்று கூரையைப் பிய்த்துவிடுமோ என்பது. அதையும் கணக்கிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 470 நியூட்டன். கூரை முழுவதும் சராசரியாக அதில் பாதி அளவு மேல்நோக்கி உறிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சதுர மீட்டருக்கு 700 நியூட்டன், அதாவது சுமார் 70 கிலோ பாரத்துக்குச் சமம். ஜன்னல் திறந்திருந்தால் உள்ளே புகும் காற்று இன்னும் கொஞ்சம் சேர்க்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இதே கணக்கு 25 கிலோதான். நல்ல எஃகுக் கொளுவிகள் நான்கு இருந்தால் இதைத் தாங்கிவிடும். அதனால் வலிமையை வைத்து நான் கொளுவியைக் குறை சொல்லவில்லை.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேட்டிலும் மறு சக்கரம் பள்ளத்திலும் இறங்கும்போது இந்த வண்டிகளின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். போல்ட் போட்ட கூரை அந்த முறுக்கை எதிர்த்து நிற்கும். கொளுவியில் நிற்கும் கூரையோ கீழ்நோக்கி மட்டுமே இறுகியிருக்கிறது, பக்கவாட்டில் அதைப் பிடிக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது ஒரு மயிரிழை நகரும். அந்த நகர்வு பெயின்டைத் தேய்த்து, பிறகு அலுமினியத்தைத் தேய்க்கும். ரப்பர் பழையதாகி அமுங்கிப் போனால் இறுக்கமும் குறைந்து கடகடவென்ற சத்தம் வரும். வெளியே தெரியும் கொளுவியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்பது இன்னொன்று.

கொளுவி வேண்டும் என்று முடிவெடுத்தால் இரண்டு நிபந்தனைகள். தவறித் திறக்காமல் இருக்க இரண்டாவது பூட்டு உள்ள வகையை எடுங்கள். பக்கவாட்டு நகர்வைத் தடுக்க வழிகாட்டி ஊசிகள் போடுங்கள். முன்கண்ணாடிச் சட்டத்தோடு சேரும் முன்விளிம்பில் மட்டும் கொளுவி கூடவே கூடாது. காற்று முதலில் பிடிப்பது அந்த விளிம்பைத்தான். அங்கே போல்ட் இருக்கட்டும்.

என் தேர்வு நட்சத்திரத் திருகி. கொளுவியைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகும், ஆனால் வண்டிக்குள் இருந்தே திருகலாம், வெளியே எதுவும் தெரியாது, அசையவும் அசையாது.

வழிகாட்டி ஊசியும் ரப்பரும்

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இது. திரும்ப மாட்டும் நேரத்தை மணிக்கணக்கில் இருந்து நிமிடக் கணக்குக்கு இறக்கியது இவை இரண்டும்தான்.

வழிகாட்டி ஊசி என்பது மேல்முனை கூம்பாகச் சீவிய ஒரு சிறு கம்பி, சுண்டுவிரல் நீளம். வண்டி உடலின் மேல்விளிம்பில் செங்குத்தாக நிற்கும். கூரை இறங்கும்போது அதன் துளை இந்தக் கூம்பில் விழுந்து, தானாகவே வழுக்கிச் சரியான இடத்துக்கு வரும். இரண்டு ஊசிகள் போதும், மூலைக்கு மூலை எதிராக. இரண்டுக்கும் வட்டத் துளை போட்டால் வெயிலில் தகடு விரியும்போது மாட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு வட்டத் துளை, மற்றொன்றுக்கு முதல் ஊசியை நோக்கி நீண்ட துளை என்று போடுங்கள். முதல் ஊசி இடத்தைத் தீர்மானிக்கும், இரண்டாவது திரும்பாமல் தடுக்கும். கூரை சரியாக உட்கார்ந்து, எல்லாப் போல்ட்டுகளும் போட்டிருக்கும்போதே துளையிட்டு ஊசியின் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு அளந்து குறித்தால் சரியாக வராது.

கூரைக்கும் உடலுக்கும் நடுவே நீரைத் தடுக்கும் பீடிங் ரப்பரில் பலர் செய்யும் பிழை, ஒழுகுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவது. ரப்பர் தன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் நீரைத் தடுக்கும். பாதிக்கு மேல் அமுக்கிவிட்டால் சில மாதங்களில் அப்படியே படிந்துபோய், கூரையைக் கழற்றி மாட்டிய அடுத்த நாளே ஒழுகும். இதற்கு மருந்து ஒரு சிறு உலோகக் குழல். போல்ட்டைச் சுற்றி, ரப்பருக்கு உள்ளே அதைப் போட்டுவிட வேண்டும். 10 மில்லிமீட்டர் ரப்பருக்கு 7 மில்லிமீட்டர் உயரக் குழல். போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் குழல் தகட்டில் முட்டி நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு அமுக்கம். யார் மாட்டினாலும் ஒழுகாது.

ரப்பர் வாங்கும்போது ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போட்டு, விரலால் பிழிந்து பாருங்கள். நீர் சொட்டினால் அது திறந்த துளை உள்ள பஞ்சு. விளிம்பில் ஈரத்தை வருடம் முழுவதும் பிடித்து வைத்து உலோகத்தை அரிக்கும். மூடிய துளை உள்ள ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர் நீரைக் குடிக்காது, வெயிலையும் தாங்கும். அதை ஒரு பக்கம் மட்டும் ஒட்டுங்கள், கூரைப் பக்கமாக இருந்தால் நல்லது.

கூரையைத் துண்டாக்குவது, மாற்றுவது, துணிக்கூரை

2007இல் வந்த ஜீப் ராங்லரில் மூன்று துண்டுக் கெட்டிக்கூரை வந்தது. முன்னிருக்கைகளுக்கு மேலே உள்ள இரண்டு பலகைகளை மட்டும் கையில் எடுத்துவிடலாம். அதைப் பார்த்துப் பழைய கூரையையும் அப்படி அறுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். ராங்லரில் அந்தப் பலகைகளைத் தாங்குவதற்கென்றே வடிவமைத்த விளிம்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழைய வண்டியில் அங்கே வெறும் காற்றுதான் இருக்கிறது. அறுத்த விளிம்புக்குப் புதிதாகக் குறுக்குச் சட்டம், நீர் வடியும் வாய்க்கால், ரப்பர் எல்லாம் வேண்டும். அத்தனையும் செய்து முடித்தாலும் ஒரு நல்ல பழைய கூரை நிரந்தரமாகப் போய்விட்டது என்பதை மாற்ற முடியாது.

லேண்ட் ரோவரில் அறுக்காமலே பிரிக்கும் வழி உண்டு. மேல் தகட்டைப் பக்கங்களில் இருந்து கழற்றிவிட்டால் ஒவ்வொரு துண்டையும் ஒருவரே தூக்கலாம். உதவிக்கு ஆளும் இல்லை, கொட்டகையும் இல்லை என்றால் இது நியாயமான வழி. ஆனால் போல்ட்டுகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடும், மேல் இணைப்பின் ரப்பரும் ஒவ்வொரு முறையும் அசையும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றுபவருக்குப் பரவாயில்லை.

எஃகுக் கூரையுள்ள வண்டிக்கு ஃபைபர் நகல் வாங்குவது எடையைக் குறைக்கும். இணைப்பை மாற்றாமல் எடையை மட்டும் குறைத்தால் பாதிச் சிக்கல் அப்படியே இருக்கும் என்பதால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். வெயில் காலம் முழுவதும் திறந்தே ஓட்டுபவருக்குத் துணிக்கூரையும் வளைவுக் கம்பிகளும் மிகச் சரியான விடை. கெட்டிக்கூரை ஆறு மாதம் ஓய்வெடுக்கும், அதை அடிக்கடி கழற்றும் தேவையே எழாது.

எந்த வழியானாலும் முதலில் பாதுகாப்பு வாரின் மேல்முனை எங்கே பிடித்திருக்கிறது என்று பாருங்கள். கூரையின் பக்கத்தில் என்றால், கூரையோடு வாரும் போய்விடும். இருக்கைகளுக்குப் பின்னால் உறுதியான கவிழ்வுத் தடுப்புச் சட்டம் ஒன்றைப் போட்டு, வாரை அதில் முறையாகப் பொருத்திய பிறகே கூரையில்லாமல் ஓட்ட வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

தூக்கும் ஏற்பாடு

கொட்டகையின் உத்தரத்தில் தொங்கவிடுவது, சக்கரம் வைத்த தாங்கிச் சட்டத்தில் ஏற்றுவது என்று இரண்டு பெரிய வழிகள். உத்தரம் பாரம் தாங்குமா என்பது உறுதியாகத் தெரிந்தால் தொங்கவிடுவது இடத்தை மிச்சப்படுத்தும். சங்கிலியைக் கையால் இழுத்துத் தூக்கும் செயின் பிளாக் நல்லது. கையை விட்டாலும் அதே இடத்தில் நிற்கும். கயிறும் கப்பியும் மலிவு, ஆனால் பூட்டு இல்லாத கப்பியில் கை நழுவினால் கூரை கீழே வந்துவிடும். மின்சார வின்ச் வசதிதான், ஆனால் கடைசி ஒரு அங்குலத்தை ஊசியின் மேல் மெதுவாக இறக்க வேண்டிய இடத்தில் அது சட்டென்று இறங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரே கொக்கியில் இருந்து நான்கு மூலைகளுக்கும் நாடா கட்டுவது வழக்கமான பிழை. நாடா கிடைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் இருந்தால், மூலைக்கு 15 கிலோ பாரம் என்றாலும் நாடாவில் 30 கிலோ இழுவிசை ஏறும். அதில் 26 கிலோ மூலையை உள்நோக்கி இழுக்கும். கீழே திறந்திருக்கும் கூரையின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கி, திரும்ப வைக்கும்போது துளைகள் பொருந்தாது. கூரை அளவுக்கு ஒரு மரச்சட்டம் செய்து, அதன் மூலைகளில் இருந்து நாடாக்களை நேர்கீழாக இறக்குங்கள். இழுப்பு செங்குத்தாகிவிடும். தொங்கும் கூரைக்குக் கீழே நிற்க வேண்டாம். தூக்கி முடித்தவுடன் தனியாக ஒரு சங்கிலியையும் கட்டிவிடுங்கள்.

எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியை முன்பக்கமாக உள்ளே ஓட்டி நிறுத்திவிட்டு, கூரையைத் தூக்கிய பின் வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தால், முன்கண்ணாடி முழுவதும் கூரைக்குக் கீழாகக் கடந்து வர வேண்டும். அதற்குக் கூரையின் பக்க உயரம் அளவுக்குத் தூக்க வேண்டும், தாழ்ந்த கொட்டகையில் அது நடக்காது. வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, முகம் வாசலைப் பார்க்க நிறுத்துங்கள். இப்போது கூரை ஊசிகளில் இருந்து விடுபட்டு ஒரு சாண் உயர்ந்தால் போதும். வண்டி முன்னால் போகும்போது முன்கண்ணாடி கூரையை விட்டு விலகித்தான் போகும். ஸ்டியரிங்கும் இருக்கைகளும் கூரையின் திறந்த முன்வாய் வழியாக வெளியே வந்துவிடும். பின்பக்க அரைக்கதவு கூரையோடு நின்றுவிடும். முழு உயரப் பின்கதவு உள்ள வண்டி என்றால் அதை முன்கூட்டியே கழற்றி வைக்க வேண்டியிருக்கலாம். உள்விளக்கு, பின் துடைப்பான் ஆகியவற்றின் வயர்களுக்கு இழுத்தால் பிரியும் பிளக் போட்டுவிடுங்கள்.

ஒரு சாண் உயரம்தான் தேவை என்று தெரிந்தவுடன் உத்தரமே தேவையில்லாமல் போகிறது. நான் கடைசியில் செய்தது நான்கு கால் உள்ள எஃகுச் சட்டம். ஒவ்வொரு காலிலும் ஒரு திருகு ஜாக்கி, அடியில் பூட்டுள்ள சக்கரம். கூரையின் பக்கங்களுக்கு வெளியே அதை நிறுத்தி, கூரை விளிம்பில் ஓடும் நீர்வாய்க்காலுக்கு அடியில் ரப்பர் ஒட்டிய கட்டைகளைக் கொடுத்து, நான்கு ஜாக்கிகளையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறேன். அந்த இடத்தில் வாய்க்கால் மெலிந்தோ துருப்பிடித்தோ இருந்தால் இந்த முறை ஆகாது, நாடாவும் மரச்சட்டமும்தான் வழி.

திரும்ப மாட்டும்போது வண்டி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பின்சக்கரங்களுக்குத் தரையில் இரண்டு தடுப்புக் கட்டைகளை அறைந்திருக்கிறேன். கட்டையில் டயர் முட்டும்போது ஊசிகளும் துளைகளும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நேராக இருக்கும். மீதியைக் கூம்பு பார்த்துக்கொள்கிறது. திருகிகளை முதலில் எல்லாவற்றிலும் இரண்டு சுற்று மட்டும் கொடுத்து, முன்விளிம்பு போல்ட்டுகளைப் போட்டு, அதன் பிறகே இறுக்குகிறேன். போன வாரம் மழைக்கு முன்னால் தனியாகச் செய்து முடித்தேன், முப்பத்தைந்து நிமிடம் ஆனது.